அமெரிக்க வரலாற்று ஆசிரியர்களுக்கான பயிலரங்கும் நூல் கலந்துரையாடலும்: வகுப்பறைவரை வந்து சேர்வது எது?

ஏரிக்கரை (ஓஹையோ, எட்டாம் வகுப்பு ஆசிரியை) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஓஹையோ மாநிலத்தில் ஒரு சிறு நகரத்து அரசுப் பள்ளியில் பதினோர் ஆண்டுகளாக எட்டாம் வகுப்புக்கு அமெரிக்க வரலாறு நடத்தி வருகிறேன். எங்கள் மாநிலப் பாடத்திட்டப்படி எட்டாம் வகுப்பு என்றால் 1492 முதல் 1877 வரை. கொலம்பஸ் கரையிறங்கியதில் தொடங்கி, உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய மறுகட்டமைப்புக் காலம் முடியும்வரை ஏறத்தாழ நானூறு ஆண்டுகளை ஒரே கல்வியாண்டில் நடத்தி முடிக்க வேண்டும். மே மாதத்தில் மறுகட்டமைப்புக் காலத்துக்கு ஒரு வாரம் மிஞ்சினாலே பெரும் பேறு.

வரும் ஆண்டில் எங்கள் பள்ளி மாவட்டத்தில் வரலாறு நடத்தும் 14 பேருக்கு இரண்டு முழுநாள் பயிலரங்குகளும் மாதம் ஒருமுறை நூல் கலந்துரையாடலும் ஏற்பாடு செய்யும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. மாட்டேன் என்று சொல்லத் தெரியாதவர்களுக்கு வரும் வினை இது.

சென்ற ஆண்டு நடந்ததைச் சொன்னால் என் அச்சம் உங்களுக்குப் புரியும். வெளியிலிருந்து வந்த பயிற்சியாளர் ஒருவர் நூற்றுக்கும் மேற்பட்ட படவில்லைகளுடன் ஆறு மணி நேரம் பேசினார். 'மாணவர் ஈடுபாடு' என்ற சொல் வரும்போதெல்லாம் பின்வரிசையில் ஒருவர் கோடு போட்டு எண்ணிக்கொண்டிருந்தார்; மதிய உணவுக்குள் நாற்பதைத் தாண்டிவிட்டது. அந்த ஆறு மணி நேரத்தில் பழைய கடிதம், சட்டம், செய்தித்தாள் என்று எதையும் நாங்கள் கண்ணால் பார்க்கவில்லை. ஒரு சொல்லும் மாற்றாமல் அதே பயிற்சியை அறிவியல் ஆசிரியர்களுக்கும் நடத்தலாம். மறுநாள் நடத்தினார் என்றும் கேள்விப்பட்டேன். மாலையில் கையெழுத்திட்டோம், சான்றிதழ் வாங்கினோம், வீடு திரும்பினோம். உரிமத்தைப் புதுப்பிக்க ஐந்தாண்டுக்கு 180 மணி நேரப் பயிற்சியோ அதற்கு ஈடான கல்லூரிப் பாடமோ காட்ட வேண்டிய எங்களுக்கு அந்தச் சான்றிதழுக்கும் மதிப்புண்டு என்பதை மறுக்கவில்லை.

எனக்கு இரண்டு ஐயங்கள். பயிலரங்கில் கற்றது திங்கட்கிழமைக் காலை வகுப்பறைக்குள் வர வேண்டுமானால் அந்த நாளை எப்படி அமைப்பது? களைத்துப்போன ஆசிரியர்களை 400 பக்க நூலைப் படிக்க வைப்பது நடக்கிற காரியமா?


பழையதாள் (நியூ ஜெர்சி, ஓய்வு பெற்ற ஆசிரியர்) எழுதியது:

அம்மா, உங்கள் பதிவைப் படித்ததும் பரணிலிருந்து பழைய கோப்புகளை இறக்கினேன். மேற்கு வர்ஜீனியாவின் செனட்டர் ராபர்ட் பேர்டின் முயற்சியால் 2001இல் 'டீச்சிங் அமெரிக்கன் ஹிஸ்டரி' என்ற நடுவண் அரசு மானியத் திட்டம் தொடங்கியது. சமூக அறிவியல் என்ற அவியலில் ஒரு காயாக வரலாற்றைப் போடாமல் அதைத் தனிப் பாடமாகவே நடத்த வேண்டும் என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். பள்ளி மாவட்டம் தனியாக விண்ணப்பிக்க முடியாது. பல்கலைக்கழகமோ நூலகமோ அருங்காட்சியகமோ கூட்டாளியாக இருந்தாக வேண்டும். பத்தாண்டுகளில் ஏறத்தாழ 100 கோடி டாலர் இந்தத் திட்டத்தில் செலவானது. 2012ஆம் நிதியாண்டில் நிதி நின்றது. அப்படி ஒரு மூன்றாண்டுத் திட்டத்தில் நானும் இருந்தேன்.

முதல் கோடையில் பேராசிரியர்கள் காலை முதல் மாலை வரை விரிவுரை ஆற்றினார்கள். குறை சொல்ல முடியாத விரிவுரைகள். பக்கம் பக்கமாகக் குறிப்பெடுத்தோம். செப்டம்பரில் வகுப்புக்குத் திரும்பியதும் நான் செய்தது, பேராசிரியர் சொன்னதைப் பாதியாகச் சுருக்கி அதே குரலில் மாணவர்களுக்குச் சொன்னது மட்டுந்தான். எனக்குச் செய்தி கூடியிருந்தது. மாணவர் செய்யும் வேலையில் எள்ளளவும் மாற்றமில்லை.

இரண்டாம் கோடையில் வந்த பேராசிரியை விரிவுரையே ஆற்றவில்லை. தலைப்பும் தேதியும் கையொப்பமும் மறைக்கப்பட்ட ஒரு கடிதத்தை எங்களிடம் கொடுத்து, யார், யாருக்கு, எப்போது, எதற்காக எழுதியது என்று கேட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அடிமையாக இருந்து விடுதலை பெற்ற ஜோர்டன் ஆண்டர்சன் என்பவர் 1865 ஆகஸ்ட் 7 அன்று, உங்கள் மாநிலத்து டேட்டன் நகரத்திலிருந்து, டென்னசியில் இருந்த தம் பழைய எசமானுக்கு அனுப்பிய கடிதம் அது. திரும்பி வந்து பண்ணையில் வேலை செய் என்று எசமான் கேட்டிருக்கிறார். அதற்கான பதில்.

அதில் உள்ள கணக்கைப் பாருங்கள். நான் உங்களிடம் 32 ஆண்டுகள் உழைத்தேன், என் மனைவி மேண்டி 20 ஆண்டுகள் உழைத்தாள். எனக்கு மாதம் 25 டாலரும் அவளுக்கு வாரம் 2 டாலரும் என்று வைத்துக்கொண்டால் எங்களுக்கு வர வேண்டியது 11,680 டாலர் என்கிறார். அத்துடன் வட்டியைச் சேர்த்துக்கொண்டு, எங்களுக்குக் கொடுத்த துணிமணி, எனக்காக மருத்துவர் மூன்று முறை வந்துபோன செலவு, மேண்டிக்கு ஒரு பல் பிடுங்கிய செலவு ஆகியவற்றைக் கழித்துவிட்டு மீதியை அனுப்புங்கள். உங்கள் நல்லெண்ணத்தை அதை வைத்து அறிந்துகொள்கிறோம் என்கிறார். கடைசி வரியில், நீங்கள் என்னைச் சுட்டுக்கொண்டிருந்தபோது உங்கள் கையிலிருந்து துப்பாக்கியைப் பறித்த ஜார்ஜ் கார்ட்டருக்கு என் நன்றியைச் சொல்லுங்கள் என்று முடிக்கிறார்.

நாங்கள் இருபது ஆசிரியர்கள் ஒன்றரை மணி நேரம் சண்டை போட்டோம். இவ்வளவு கூர்மையான கிண்டலை அடிமையாக இருந்த ஒருவர் எழுதியிருக்க முடியுமா என்று ஒருவர் கேட்க, அந்தக் கேள்விக்குள் என்ன இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள் என்று இன்னொருவர் சீறினார். கடிதம் செய்தித்தாளில் அச்சானது. இது உண்மையான கடிதம், அவர் சொல்லச் சொல்ல எழுதப்பட்டது என்ற முன்குறிப்புடன் வந்தது. பணத்தை வி. விண்டர்ஸ் என்பவர் பொறுப்பில் அனுப்பும்படி கடிதத்திலேயே இருக்கிறது. அவர் டேட்டனின் வங்கியாளர், அடிமை முறையை எதிர்த்தவர். அப்படியானால் கேட்கும் குரல் யாருடையது, எழுதிய கை யாருடையது? செய்தித்தாள் எதற்காக அதை அச்சிட்டது? இந்தக் கேள்விகளெல்லாம் பேராசிரியை கொடுத்தவை அல்ல, எங்கள் வாயிலிருந்தே வந்தவை. அந்த செப்டம்பரில் நான் வகுப்பில் குரலைக் குறைத்தேன்.

ஆகவே நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: மாணவர் செய்ய வேண்டிய வேலையை முதலில் ஆசிரியரே, தமக்கு விடை தெரியாத ஓர் ஆவணத்தில், சக ஆசிரியர்கள் முன்னிலையில் செய்து பார்க்கட்டும்.


எண்ணும்எழுத்தும் (பாடத்திட்ட ஒருங்கிணைப்பாளர், இலினாய்) எழுதியது:

பழையதாள் ஐயாவின் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் நல்ல அனுபவம் என்பது வேறு, பயன் என்பது வேறு என்று சொல்ல வேண்டியது என் தொழில்.

ஆசிரியர் பயிற்சி மாணவர் கற்றலை உயர்த்துகிறதா என்று 2007இல் நடுவண் கல்வித் துறைக்காக ஒரு தொகுப்பாய்வு நடந்தது. 1,300க்கும் மேற்பட்ட ஆய்வுகளைச் சலித்ததில் நம்பத் தகுந்த முறையில் நடந்தவையாகத் தேறியவை ஒன்பதுதான். அவற்றில் 14 மணி நேரத்துக்கு மேல் நீடித்த பயிற்சிகளே மாணவரிடம் குறிப்பிடத்தக்க மாற்றத்தைக் காட்டின. ஒருநாள் பயிலரங்கைக் கேலி செய்யும் ஒவ்வொருவரும் இந்த எண்ணை மேற்கோள் காட்டுகிறார்கள், நானும் காட்டியிருக்கிறேன். ஆனால் யாரும் சொல்லாத ஒன்று உண்டு. அந்த ஒன்பது ஆய்வுகளும் தொடக்கப் பள்ளியில் மொழி, கணிதம், அறிவியல் ஆகியவற்றைப் பற்றியவை. வரலாறு பற்றி ஒன்றுகூட இல்லை. நமக்கு அது ஒரு குறிப்பைத் தரலாமே ஒழிய ஆதாரமாகாது.

ஐயா குறிப்பிட்ட மானியத் திட்டத்தையும் பின்னர் மதிப்பீடு செய்தார்கள். மாணவர் கற்றலில் அதன் தாக்கத்தை உறுதியாக அளந்து சொல்ல முடியாமல் போனது. பல மாநிலங்களில் வரலாற்றுக்கென்று பொதுத் தேர்வே இல்லாதபோது எதை வைத்து அளப்பது? 2002இல் சட்டமான 'நோ சைல்ட் லெஃப்ட் பிஹைண்ட்' வாசிப்பையும் கணிதத்தையும் மட்டும் ஆண்டுதோறும் சோதிக்கச் சொன்னதால் பல தொடக்கப் பள்ளிகளில் வரலாற்று நேரம் சுருங்கியது. ஒரு கையால் மானியத்தைக் கொடுத்து மறு கையால் மணி நேரத்தைப் பிடுங்கிய காலம் அது. 2022ஆம் ஆண்டின் தேசிய மதிப்பீட்டில் எட்டாம் வகுப்பு மாணவர்களில் 13 விழுக்காட்டினர் மட்டுமே அமெரிக்க வரலாற்றில் 'தேர்ச்சி' நிலையை எட்டினார்கள். இந்த எண்ணைக் காட்டிப் பயிலரங்குகளைக் குறை சொல்வதும் தவறு, இதே எண்ணைக் காட்டிப் பயிலரங்குகளுக்குப் பணம் கேட்பதும் தவறு.

ஏரிக்கரை அவர்களுக்கு என் யோசனை ஒன்று. இரண்டு முழுநாள் என்பதை ஒரு முழுநாளாகவும் இரண்டு அரைநாள்களாகவும் உடைக்க இயலுமா என்று நிர்வாகத்திடம் கேளுங்கள். முதல் நாளில் எடுத்த ஆவணத்தை ஒவ்வொருவரும் தம் வகுப்பில் நடத்தட்டும். அடுத்த அரைநாளுக்கு வரும்போது மூன்று மாணவர்களின் எழுத்தைக் கையோடு கொண்டுவரட்டும்: நன்றாக எழுதிய ஒருவர், இடைப்பட்ட ஒருவர், தடுமாறிய ஒருவர். அந்தத் தாள்களைப் படிக்காத பயிற்சி எத்தனை மணி நேரமானாலும் ஆசிரியரோடு நின்றுவிடும்.


தெற்குவாசல் (டெக்சாஸ், பதினோராம் வகுப்பு) எழுதியது:

நான் வேறொரு பக்கத்திலிருந்து வருகிறேன். 2021இல் எங்கள் மாநிலத்தில் நிறைவேறிய சட்டங்களின்படி, பரவலாக விவாதிக்கப்படும் சர்ச்சைக்குரிய நடப்புப் பொருளைப் பற்றிப் பேசும்படி ஆசிரியரைக் கட்டாயப்படுத்த முடியாது. பேசினால் ஒருபக்கம் சாயாமல் பேச வேண்டும். சட்டத்தின் சொற்களைவிட அதைப் பற்றிய வதந்திதான் ஆசிரியர் அறையில் அதிகம் உலவியது. எதைச் சொன்னால் புகார் வரும் என்று தெரியாத ஆசிரியர் எதையும் சொல்லாமல் பாடநூலைப் பார்த்து வாசித்துவிட்டுப் போவார். என் பக்கத்து அறையில் அதுதான் நடந்தது.

மூல ஆவணத்தை நடுவில் வைக்கும் பயிலரங்கு இந்த இடத்தில் கைகொடுத்தது. மிசிசிப்பி 1861 ஜனவரியில் ஒன்றியத்திலிருந்து பிரிந்தபோது வெளியிட்ட காரணப் பிரகடனம், தங்கள் நிலைப்பாடு அடிமை முறையோடு முழுவதுமாக இணைந்தது என்று தானே சொல்கிறது. உள்நாட்டுப் போர் எதற்காக நடந்தது என்று நான் கருத்துச் சொல்ல வேண்டியதில்லை. பிரிந்தவர்கள் எழுதியதை மாணவர் படிக்கிறார். அடுத்து, போருக்குப் பின் அதே தலைவர்கள் எழுதிய நினைவுக் குறிப்புகளைப் படிக்கிறார். ஏன் காரணம் மாறியது என்று அவரே கேட்கிறார். பெற்றோர் ஒருவர் வந்து கேட்டபோது அந்த இரண்டு தாள்களையும் மேசையில் எடுத்து வைத்தேன். அவர் அமர்ந்து இரண்டையும் முழுமையாகப் படித்துவிட்டுப் போனார்.

பயிலரங்கை யார் நடத்துகிறார்கள் என்பதையும் பாருங்கள். உங்கள் ஓஹையோவிலேயே ஆஷ்லண்ட் பல்கலைக்கழகத்தில் உள்ள ஆஷ்புரூக் மையம் ஆசிரியர்களை வட்டமாக அமர்த்தி, முன்கூட்டியே படித்த ஆவணங்களைப் பற்றி மட்டும் பேச வைக்கும் கருத்தரங்குகளை நடத்துகிறது. அது பழமைவாதச் சாய்வு கொண்டது என்பர். எதிர்ப்பக்கச் சாய்வுள்ள அமைப்புகளும் இலவசப் பாடங்கள் தருகின்றன. நான் இரண்டு பக்கத்துக்கும் போயிருக்கிறேன், இரண்டு இடத்திலும் கற்றிருக்கிறேன். ஆவணத் தொகுப்பை வாங்கியதும் முதலில் நான் பார்ப்பது, எதைச் சேர்த்திருக்கிறார்கள் என்பதை அல்ல, எந்தப் பத்தியை வெட்டியிருக்கிறார்கள் என்பதை. மூன்று புள்ளிகள் வரும் இடத்தில் முழு ஆவணத்தைத் தேடிப் போங்கள்.


நூலகத்தான் (வர்ஜீனியா, பள்ளி நூலகர்) எழுதியது:

நூல் கலந்துரையாடலைப் பற்றி யாரும் இதுவரை வாய் திறக்கவில்லை. ஏழு ஆண்டுகளாக எங்கள் பள்ளியில் அதை நடத்துபவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

முதல் இரண்டு ஆண்டுகள் தோற்றுப் போனேன். பரிசு பெற்ற தடித்த நூல்களைத் தேர்ந்தெடுத்தேன். முதல் மாதம் ஒன்பது பேர் வந்தார்கள், மூன்றாம் மாதம் மூன்று பேர். அந்த மூவரில் ஒருவர் படித்திருக்கவில்லை; பிஸ்கட்டுக்காக வந்ததாக அவரே ஒப்புக்கொண்டார். கூட்டம் நடந்த விதமும் தவறு. "நூல் எப்படி இருந்தது?" என்று தொடங்கினால் "நன்றாக இருந்தது" என்ற விடையோடு பேச்சு அடங்கிவிடும்.

மூன்றாம் ஆண்டில் லாரல் தாச்சர் உல்ரிக் எழுதிய 'எ மிட்வைஃப்ஸ் டேல்' நூலை எடுத்தோம். 1990இல் வந்து மறு ஆண்டு புலிட்சர் பரிசு பெற்ற நூல். மெய்ன் பகுதியில் ஹாலோவெல் என்ற ஊரில் வாழ்ந்த மார்த்தா பல்லார்ட் என்ற மருத்துவச்சி 1785 முதல் 1812 வரை 27 ஆண்டுகள் எழுதிய நாட்குறிப்பின் மேல் கட்டப்பட்டது. 816 பிரசவங்களை அந்த நாட்குறிப்பு பதிவு செய்கிறது. மழை, நெசவு, கென்னபெக் ஆற்றைக் கடந்தது, யார் வீட்டில் குழந்தை பிறந்தது, எவ்வளவு கூலி கிடைத்தது என்று ஒரு நாளுக்கு இரண்டு மூன்று வரிகள்தான். அன்றாட வீட்டுச் செய்திகள் என்று முன்பு சிலர் ஒதுக்கிய நாட்குறிப்பு அது.

ஒவ்வோர் அத்தியாயமும் நாட்குறிப்பின் சில நாள்களை அப்படியே கொடுத்துவிட்டுத்தான் தொடங்குகிறது. நாங்கள் செய்தது இதுதான். கூட்டத்துக்கு வருமுன் யாரும் எதையும் படிக்க வேண்டாம் என்று சொன்னேன். அந்த இரண்டு மூன்று பக்க நாட்குறிப்பை மட்டும் படி எடுத்துக் கொடுத்து, உரக்கப் படித்து, இதிலிருந்து உங்களால் என்ன சொல்ல முடியும் என்று அரை மணி நேரம் பேச வைத்தேன். கிட்டத்தட்ட ஒன்றும் சொல்ல முடியவில்லை, கைவிரித்தார்கள். "இப்போது உல்ரிக் இதே வரிகளிலிருந்து என்ன எடுத்தார் என்று வீட்டில் போய்ப் படியுங்கள்" என்றேன். அந்த மாதம் எல்லோரும் படித்தார்கள். ஊர் ஆண்களின் கணக்குப் புத்தகங்களில் தடமே இல்லாத பெண்களின் பண்டமாற்றும் நெசவும் கடனும் ஒரு பொருளாதாரமாகவே அந்த வரிகளுக்குள் இருந்திருக்கின்றன என்பதைக் கண்டபோது, பத்தொன்பது ஆண்டு அனுபவமுள்ள ஆசிரியை ஒருவர், "நானும் அதே பக்கத்தைத்தானே படித்தேன்!" என்று மேசையைத் தட்டினார்.

ஆகவே ஏரிக்கரை அம்மா, நானூறு பக்கத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். ஆண்டு முழுவதற்கும் ஒரே நூல், மாதம் ஓர் அத்தியாயம் போதும். வரலாற்றாசிரியர் தம் வேலையை வாசகர் கண்முன்னே செய்து காட்டும் நூலாகப் பாருங்கள். முடிவுகளை மட்டும் அழகாகச் சொல்லும் நூல் விடுமுறையில் படிக்க ஏற்றது. கலந்துரையாடலுக்கு அது வாய்ப்பதில்லை.


கடலூர்க்காரன் (மாசசூசெட்ஸ், உயர்நிலைப் பள்ளி) எழுதியது:

சிறு குறுக்கீடு, பொறுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க விடுதலைப் போரின் கடைசிப் பெரும் சண்டை நடந்தது என் ஊர்க் கடலில் என்பதைப் பயிலரங்கு ஒன்றில் சொன்னபோது யாரும் நம்பவில்லை. 1783 ஜூன் 20 அன்று கடலூருக்கு அப்பால் சுஃப்ரனின் பிரெஞ்சுக் கப்பற்படையும் ஹியூஸின் ஆங்கிலக் கப்பற்படையும் மோதின. ஐரோப்பாவில் சமாதான முன்னொப்பந்தம் கையெழுத்தாகி ஐந்து மாதங்கள் கழிந்திருந்தன. செய்திதான் வந்து சேரவில்லை. அதே போரில் யார்க்டவுனில் அமெரிக்கரிடம் சரணடைந்த ஆங்கிலத் தளபதி கார்ன்வாலிஸ் சில ஆண்டுகளில் இந்தியாவின் தலைமை ஆளுநராக வந்து திப்புவோடு போரிட்டதும், அவருடைய சிலை இன்றும் சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்தில் நிற்பதும் நம்மவர்களுக்குத் தெரிந்ததே. 2026இல் விடுதலையின் 250ஆம் ஆண்டையொட்டி நடக்கும் பயிலரங்குகளில் இதற்கும் ஓர் இடம் கேட்கலாம் அல்லவா?


பழையதாள் எழுதியது:

கேட்கலாம், தம்பி. ஆனால் 'தெரியுமா உங்களுக்கு' என்ற துணுக்காகக் கேட்டால் ஆசிரியர்கள் வியந்துவிட்டு மறந்துவிடுவார்கள். பாஸ்டன் துறைமுகத்தில் 1773 டிசம்பர் 16 அன்று கடலில் கொட்டிய தேயிலை கிழக்கிந்தியக் கம்பெனியின் தேயிலை. அந்தக் கம்பெனி கடனில் தத்தளித்ததால்தான் நாடாளுமன்றம் அந்த ஆண்டு தேயிலைச் சட்டத்தை நிறைவேற்றியது. கம்பெனி ஏன் தத்தளித்தது என்று கேட்டால் காரணங்களில் ஒன்று 1770ஆம் ஆண்டின் வங்கப் பஞ்சம்வரை போகும். அந்தச் சங்கிலியை இரண்டு மூன்று ஆவணங்களைக் கொண்டு காட்டினீர்கள் என்றால் அது பாடமாகிவிடும். கடலூர் சண்டையையும் அதன் வால்நுனியில் கட்டிவிடலாம்.


ஏரிக்கரை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. ஜோர்டன் ஆண்டர்சன் கடிதத்தையே முதல் நாளுக்கு எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்துவிட்டேன். டேட்டன் எங்களுக்குப் பக்கத்து ஊர் மாதிரி. ஒரு சிக்கல் மட்டும். தம் பெண் பிள்ளைகளுக்கு எசமான் வீட்டு இளைஞர்களால் நேரக்கூடிய மானபங்கத்தைப் பற்றி அந்தக் கடிதத்தில் ஒரு வரி இருக்கிறது. அப்படி நேர்வதைவிட இங்கேயே பட்டினி கிடந்து சாவதே மேல் என்கிறார். பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு அதை அப்படியே கொடுப்பதா, வெட்டுவதா? வெட்டினால் தெற்குவாசல் என்னைத் திட்டுவார்.

பணம் இன்னொரு சிக்கல். கோடைக்கால முகாம்களை நடத்தும் என்.இ.எச். என்னும் நடுவண் அறக்கொடை நிறுவனத்தின் நிதியில் எங்கள் ஆசிரியர்கள் இருவர் முன்பு ஒரு வார முகாமுக்குப் போய் வந்தார்கள். 2025 ஏப்ரலில் அந்த நிறுவனத்தின் மானியங்கள் பெருமளவில் ரத்தானதிலிருந்து அந்த வழியை நம்பித் திட்டமிடத் தயக்கமாக இருக்கிறது.


தெற்குவாசல் எழுதியது:

திட்ட மாட்டேன். ஆனால் நீங்கள் தனியாக முடிவெடுக்காதீர்கள். அந்த முடிவையே பயிலரங்கின் பிற்பகல் வேலையாக வையுங்கள். முழுக் கடிதத்தையும் 14 பேரும் படிக்கட்டும். எட்டாம் வகுப்புக்கு எப்படிக் கொடுப்பது என்று மூவர் மூவராகப் பேசி, வெட்டினால் ஏன், வைத்தால் எந்த முன்னுரையோடு என்று எழுதித் தரட்டும். அந்த வரி இல்லாவிட்டால் கடிதம் வெறும் கூலிக் கணக்காகிவிடும் என்பது என் எண்ணம். அவர் ஏன் திரும்ப மாட்டார் என்பதற்கான காரணம் அங்கேதான் இருக்கிறது. உங்கள் வகுப்பை நீங்கள் அறிவீர்கள்.


எண்ணும்எழுத்தும் எழுதியது:

பணத்தைப் பற்றி: நாடாளுமன்ற நூலகமும் தேசிய ஆவணக் காப்பகமும் ஆவணங்களையும் ஆய்வுத் தாள்களையும் இலவசமாகவே தருகின்றன. அமெரிக்க வரலாற்றுச் சங்கம் ஒன்பது மாநிலங்களில் 3,000க்கும் மேற்பட்ட ஆசிரியர்களிடம் கேட்டு 2024இல் வெளியிட்ட அறிக்கை, ஆசிரியர்கள் பாடநூலைவிட இத்தகைய இலவச இணைய ஆவணங்களையே பெரிதும் நம்புகிறார்கள் என்று சொல்கிறது. நியூயார்க்கில் 1994 முதல் இயங்கும் கில்டர் லெர்மன் நிறுவனமும் ஆவணங்களோடு ஆசிரியர் கருத்தரங்குகளை நடத்துகிறது. உங்களுக்கு உண்மையில் தேவைப்படுவது ஆசிரியர்கள் வெளியே வரும் நாளுக்கான மாற்று ஆசிரியர் ஊதியம். அந்த ஒரு வரியைத்தான் நிர்வாகத்திடம் பிடிவாதமாகக் கேட்க வேண்டும்.

இன்னொன்று. ஆசிரியர்கள் கடிதத்தைப் படிக்கும்போது யார் முதலில் எங்கே பார்க்கிறார் என்று கவனியுங்கள். ஸ்டான்ஃபோர்டின் சாம் வைன்பர்க் 1991இல் வெளியிட்ட ஆய்வில் எட்டு வரலாற்றாசிரியர்களும் எட்டு உயர்நிலைப் பள்ளி மாணவர்களும் விடுதலைப் போரைத் தொடங்கிவைத்த லெக்சிங்டன் மோதலைப் பற்றிய அதே ஆவணங்களைப் படித்தார்கள். வரலாற்றாசிரியர்களின் கண் முதலில் எழுதியவர் பெயருக்கும் தேதிக்கும் போனது. மாணவர்கள் முதல் வரியில் தொடங்கிக் கடைசி வரியில் முடித்தார்கள்; எல்லாவற்றிலும் நம்பகமானது பாடநூல் பகுதியே என்றார்கள்.


ஏரிக்கரை எழுதியது (இரண்டு மாதங்களுக்குப் பின்):

முதல் நாள் முடிந்தது. உங்களுக்குச் சொல்ல வேண்டிய கடன் இருக்கிறது.

14 பேரில் 13 பேர் வந்தார்கள். பெயரும் தேதியும் மறைத்த கடிதத்தைக் காலை ஒன்பது மணிக்குக் கொடுத்தேன். அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளராகவும் இருக்கும் ஒருவர், பயிலரங்குகளில் விளையாட்டு அட்டவணையைத் திருத்திக்கொண்டிருப்பவர், இம்முறை பென்சிலை எடுத்து ஓரத்தில் பெருக்கல் போடத் தொடங்கினார். 25ஐ 12ஆலும் 32ஆலும் பெருக்கி 9,600. 2ஐ 52ஆலும் 20ஆலும் பெருக்கி 2,080. கூட்டினால் சரியாக 11,680. "ஒரு டாலர்கூடப் பிசகவில்லை. இந்த ஆள் கிண்டல் மட்டும் செய்யவில்லை, கணக்கும் போட்டு வைத்திருந்திருக்கிறார்" என்றார். அதற்குப் பிறகு எனக்கு வேலையே இல்லை. குரல் யாருடையது என்ற சண்டை இங்கேயும் வந்தது. 1870ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் டேட்டனில் அவர் பெயர் இருக்கும் பக்கத்தை அப்போது எடுத்துக் கொடுத்தேன். அறை சிறிது நேரம் அமைதியானது.

பிற்பகலில் அந்த வரியைப் பற்றிய பேச்சு. ஐந்து குழுக்களில் மூன்று வைக்க வேண்டும் என்றன, ஒன்று வெட்ட வேண்டும் என்றது, ஒன்று முடிவுக்கு வரவில்லை. ஒருமித்த முடிவுக்கு நான் வற்புறுத்தவில்லை. வைக்கும் குழுக்கள் எழுதிய முன்னுரைகளை மற்றவர்களும் படி எடுத்துக்கொண்டார்கள்.

குறையும் சொல்ல வேண்டும். மதியத்துக்கு மேல் இரண்டாவது ஆவணம் ஒன்றையும் புகுத்தினேன். எல்லோரும் களைத்திருந்தார்கள், அது வீணானது. ஒரு நாளுக்கு ஓர் ஆவணமே போதும் என்று எனக்கே தோன்றியிருக்க வேண்டும். நூல் கலந்துரையாடலின் முதல் கூட்டத்துக்கு ஏழு பேர் வந்தார்கள், மார்த்தா பல்லார்டின் நாட்குறிப்பை உரக்கப் படித்தோம். இரண்டாம் கூட்டத்துக்கும் அதே ஏழு பேர் வந்தார்கள்.

ஜனவரி அரைநாளுக்கு மாணவர் தாள்கள் வரத் தொடங்கிவிட்டன. இதுவரை வந்தவற்றில் பெரும்பாலானவை கூலிக் கணக்கைப் பற்றியே எழுதியிருக்கின்றன. கால்பந்துப் பயிற்சியாளரின் வகுப்பில், தடுமாறுபவர் என்று அவர் தேர்ந்தெடுத்த பையன் இரண்டே வரிகள் எழுதியிருக்கிறான்: ஜார்ஜ் கார்ட்டர் யார்? அவர் வெள்ளையரா, கறுப்பரா என்று கடிதத்தில் ஏன் இல்லை? பயிற்சியாளர் அந்தத் தாளைப் படம் எடுத்து இரவு பதினொரு மணிக்கு எனக்கு அனுப்பினார். டென்னசியின் கணக்கெடுப்புத் தாள்களில் தேடிப் பார்க்க யாருக்காவது பழக்கம் உண்டா?